மகோகனிக்கு எங்கும் ஒரே விலை

அத்தியாயம் 11

"நாரம்மலப் பக்கத்து மகோகனி தானே?"

கொழும்பு கிராண்ட்பாஸில் மரம் வாங்கி விற்கிற மரக்காலை முதலாளி இப்படிக் கேட்டபோது ரஜனி கதிரையில் சரியாக உட்காரக்கூட இல்லை. எந்த ஊர், என்ன மரம் என்று அவள் இன்னும் வாய் திறக்கவில்லை.

"ஓம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் தானே, மிஸ்." அவர் கையில் இருந்த பேனையைக்கூட அசைக்கவில்லை. "மரத்துக்கு இருபத்தையாயிரம். நிக்கிற நிலையில."

பக்கத்தில் நின்ற தம்பி டெரிக் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். போன சனிக்கிழமை மருதானை முதலாளி சொன்னதும் இதே இருபத்தையாயிரம்தான்.

"நீங்கள் போய்ப் பார்க்கவே இல்லையே. எல்லாம் அஞ்சடி, ஆறடி சுற்று வந்த மரங்கள்."

"பாக்கத் தேவையில்ல மிஸ். வேற ஆள் கூடக் குடுத்தா அங்க குடுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கூடக் கொடுக்க ஒருவரும் இல்லை என்று தெரிந்த சிரிப்பு அது.

வெளியே வந்து டெரிக்கின் வாடகை வானில் ஏறியதும் ரஜனி சீற்றில் தலையைச் சாய்த்தாள். வெயில் கண்ணாடி வழியாக முகத்தில் அடித்தது.

அந்த மரங்கள் அவளுடைய அப்பா ஒஸ்வால்ட் வைத்தவை. ரயில்வேயில் கார்டாக இருந்தவர். நாரம்மலைக்கு உள்ளே ஒரு காணி மலிவாக வந்தபோது வாங்கினார். ஊரே தென்னை வைத்த இடத்தில் இந்த மனுஷன் மகோகனி வைத்தார். சாகும்போது கொட்டாஞ்சேனை வீட்டை டெரிக்குக்கும் காணியை ரஜனிக்கும் எழுதிவிட்டுப் போனார். இந்த உலகத்தில் ரஜனியின் பெயரில் இருக்கிற சொத்து என்று சொன்னால் அந்த நாற்பத்திரண்டு மரங்கள்தான்.

அவற்றை விற்று அவள் என்ன செய்யப் போகிறாள் என்பது டெரிக்குக்கு மட்டும்தான் தெரியும். கணவன் ஜனாவையும் வெள்ளவத்தை ஃபிளாட்டையும் விட்டு, மகள் துஷ்யந்தியைக் கூட்டிக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் வீட்டோடு ஒட்டின ஒரு சின்ன வாடகை அனெக்ஸுக்குப் போய்விடுவது என்று அவள் முடிவெடுத்துச் சில மாதங்கள் ஆகின்றன.

ஜனா அடிக்கிறவன் அல்ல. குடிக்கிறவனும் அல்ல. யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். அவனுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். ரஜனி ஒரு லாபில் இரத்தம் எடுக்கிற வேலை செய்தாள். சம்பளம் வங்கிக்குப் போகும், கார்ட் அவன் பேர்ஸில் இருக்கும். பஸ் ஏறியதும் ஒரு மிஸ்கோல், லிஃப்டில் ஏறமுதல் இன்னொரு மிஸ்கோல். படுக்கப் போகும்போது, "ஃபோனை ஒருக்காத் தா" என்று கையை நீட்டுவான். கல்யாணம் முடித்த நாளில் இருந்து ஒரு தரமாவது அவன் குரல் உயர்ந்ததில்லை. அதனால்தான் அவளால் யாரிடமும் போய் முறையிடவும் முடியவில்லை.

இன்றைக்கும் காது டொக்டரிடம் போவதாகச் சொல்லித்தான் வெளிக்கிட்டிருந்தாள்.

"இன்னும் ஒரு ஆள் இருக்கிறார் அக்கா," என்றான் டெரிக். "ஒருகொடவத்தையில. தாஸிம் ஹாஜியார். அவர் மட்டும்தான் ஆள் அனுப்பி மரத்தைப் பாத்தவர்."

"அவரும் இதையே சொன்னா?"

டெரிக் வானை ஸ்டார்ட் பண்ணினான்.

*

தாஸிமின் மரக்காலை கன்டெய்னர் யாட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே வாள் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. மரத்தூள் மேசை, கதிரை, கலண்டர் எல்லாவற்றிலும் மெல்லிசாகப் படிந்திருந்தது. தாஸிம் ஒரு துணியால் கதிரையைத் தட்டி, "இரிங்க மிஸ்," என்றார். தேத்தண்ணி வந்தது.

"என்ட ஆள் போய்ப் பாத்துட்டு வந்தான். மரம் நல்ல மரம். நேரா போயீக்கி. கொப்பும் உயரத்திலதான் பிரியுது."

ரஜனிக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. "அப்ப விலை?"

"இருபத்தஞ்சுக்கு மேல என்னால ஏலா."

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்கள் மூன்று பேரும் கதைச்சு வைச்சுக்கொண்டு சொல்லுறீங்களா?"

டெரிக் அவளுடைய தோளைத் தொட்டான். தாஸிம் கோபப்படவில்லை.

"சில இடத்தில அதுவும் நடக்கும் மிஸ். இல்லெண்டு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இது அது இல்ல." மெஷின் சத்தத்துக்கு மேலால் கேட்பதற்காக அவர் கதிரையை முன்னால் இழுத்தார். "கொழும்புல பலகைக்கு ஒரு விலை ஈக்கி. அத நானும் மாத்த ஏலா, நீங்களும் மாத்த ஏலா. அந்த விலையிலேந்து பின்னுக்கு வாங்க. அரியிற கூலியக் கழிங்க. லொறிக் கூலி, பெர்மிட், வெட்டுக் கூலி, மரத்த லொறி வரைக்கும் இழுக்கிற செலவு, உள்ளுக்குக் கோறையாப் போன மரத்தால வாற நட்டம், என்ட லாபம், எல்லாத்தையும் கழிங்க. மிஞ்சுறதுதான் மரத்துக்கார ஆளுக்கு. சுத்து பெருத்தா கூடும், கோணலா வளந்தா குறையும். உங்கட மரத்துக்கு அப்பிடிப் பாத்தா எழுபது குடுக்கலாம். வாங்க ரெண்டு மூணு பேர் போட்டி போட்டா எண்பதும் வரும்."

"பிறகு ஏன் இருபத்தஞ்சு?"

"பாதை இல்லையே மிஸ்."

ரஜனிக்கு விளங்கவில்லை. அப்பா காலத்தில் இருந்தே பக்கத்துத் தென்னந்தோட்டத்துக்குள்ளால்தான் அவர்கள் காணிக்குப் போவார்கள். தோட்டக்காரர் ஒருநாளும் மறித்ததில்லை. போகிற வழியில் இளநீரும் வெட்டித் தருவார்.

"அந்தத் தோட்டத்தக் குத்தகைக்குக் குடுத்துட்டாங்க. புதுசா எடுத்த ஆள் பெரிய இரும்பு கேற் போட்டு, பூட்டும் போட்டீக்கிறார். பாதைக்கு நூறோ ஆயிரமோ கேட்டா அதையும் செலவோட சேத்துக் கழிச்சுட்டு உங்களுக்கு விலை சொல்லலாம். இந்த ஆள் சல்லி கேக்கல. ஒரே ஒரு சொல்லு. இருபத்தஞ்சுக்கு மேல குடுத்து வாங்கிற ஆள்ட லொறிக்கு கேற் திறக்க மாட்டாராம். மரம் வாங்கிற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லி அனுப்பியீக்கிறார். இவ்வளவு காலம் இந்த யாவாரம் செய்றேன், இப்பிடி ஒரு நிபந்தனை கேள்விப்பட்டதே இல்ல."

"அவருக்கு இதில என்ன லாபம்?" என்று கேட்டான் டெரிக்.

"அதுதான் எனக்கும் விளங்கல தம்பி. லாபம் ஒண்டும் இல்ல. உங்களுக்குக் கூடக் கிடைக்கப்படாது, அவ்வளவுதான் போல."

"ஆர் அந்த ஆள்?" ரஜனியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் கேட்டாள்.

"என்ட ஆள் கேற்ல நிக்கிற சிங்களக் காவல்காரன்ட வாயக் கிளறிப் பாத்தான். வெள்ளவத்தை ஆளாம். துறைமுகத்து வாஃப்ல சாமான் கிளியரிங் செய்றவராம். ஜனா மஹத்தயா எண்டு சொன்னானாம். தெரியுமா உங்களுக்கு?"

தேத்தண்ணிக் கோப்பை ரஜனியின் கையில் இருந்தது. முன்னால் மேசை இருந்தும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். டெரிக்தான் அதை வாங்கி வைத்தான்.

"தெரியும்," என்றாள்.

தாஸிம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

ரஜனிதான் கேட்டாள். "வேற வழி இல்லையா?"

"வழி கேட்டு வழக்குப் போடலாம். தீர்ப்பும் கிடைக்கும். அதுக்குள்ள உங்களுக்குப் பேரப்பிள்ள பொறந்துரும்." தாடியைத் தடவினார். "பின்பக்கம் ஒரு வயல் ஈக்கி. இப்ப அறுவடை முடிஞ்சு காஞ்சு கிடக்கு. மழைக்கு முந்தி ட்ரக்டர் ஓடலாம். வயல்காரி ஒரு சிங்கள நோனா, தனிய இருக்கிறவங்க. அவங்க ஓம் எண்டா எழுபதுக்கு நான் எடுக்கிறேன். ஆனா ஒண்டு. பாதைய நான் திறந்தா மரம் எனக்கு மட்டும்தான். வேற ஆளுக்குக் காட்டப்படாது."

இவரும் ஒரு பூட்டோடுதான் நிற்கிறார் என்று ரஜனிக்குப் பட்டது. ஆனால் இந்தப் பூட்டையாவது அவளிடம் காட்டிவிட்டுப் போடுகிறார்.

"கேட்டுப் பாருங்க," என்றாள்.

"பின்னேரம் கோல் எடுக்கிறேன். தம்பிட நம்பர் ஈக்கி."

டெரிக் வானை எடுக்க முன்னால் போயிருந்தான். ரஜனி வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"தம்பிக்கு எடுக்காதீங்க. எனக்கு எடுங்க."

தன்னுடைய நம்பரைச் சொன்னாள். சொல்லும்போதே, இரவில் அந்த ஃபோனை வாங்கிப் பார்க்கிற கை கண்ணுக்கு முன்னால் வந்தது.

*

தெமட்டகொடையில் வான் மெதுவானபோது ரஜனி தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொன்னனியா டெரிக்?"

"என்ன?"

"அவரிட்ட. மரம் விக்கிறது, அனெக்ஸ், எல்லாம்."

டெரிக் வானை ஓரம் கட்டினான். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான்.

"நான் சொல்லல்ல அக்கா."

"உன்னைத் தவிர ஆருக்குத் தெரியும்? அவர் எடுத்துத் தந்த ஹயர் ஓட்டத்திலதானே இந்த வானே ஓடுது?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது ஆம்பிளையின் முகம், பள்ளிக்கூடத்தில் செய்யாத குற்றத்துக்கு அடி வாங்கின பிள்ளையின் முகம் மாதிரிச் சிவந்தது.

"அந்த ஹயருக்காக உங்கள ஏத்திக்கிட்டு இந்த வெயில்ல சுத்துவேனா? யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சுத்தான் பேசுறன்."

ரஜனி கதவைத் திறந்து இறங்கி, அடித்துச் சாத்தினாள். "அக்கா, ஏறுங்க," என்று அவன் இரண்டு தரம் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. சனம் நெருக்கிய ஒரு பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழக்கத்தில் கை ஃபோனை எடுத்தது. ஜனாவுக்கு ஒரு மிஸ்கோல் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான், என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

*

ஜனா வேளைக்கே வீட்டுக்கு வந்திருந்தான். ஷேர்ட்டைக் கழற்றாமல் ஹோலில் இருந்தான். கீழே கடற்கரை ரயில் போன சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"வா ரஜனி. களைச்சுப் போய் வாறாய். தேத்தண்ணி போட்டு வைச்சிருக்கிறன்."

அவள் உட்கார்ந்தாள்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"மருந்து தந்தவர்."

"காது இப்ப நல்லாக் கேக்குதோ?"

"ஓம்."

"அப்ப அந்த வாள் மெஷின் சத்தம் ஒண்டும் செய்யேல்லை." கோப்பையை அவள் பக்கம் தள்ளினான். "குடி. ஆறிப்போகும். ஒருகொடவத்தை முழுக்க என்ட ஆக்கள் ரஜனி. டெரிக்கின்ட வானைத் தெரியாத ஆள் அங்க ஆர்?"

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று ரஜனி நேராகவே கேட்டாள். "தென்னந்தோட்டத்தை ஏன் எடுத்தனீங்கள்?"

"மலிவாக் கிடைச்சது."

"இருபத்தையாயிரத்துக்கு மேல ஒருத்தரும் தரக்கூடாதெண்டு ஏன் சொன்னனீங்கள்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்ல யோசிக்கிற மாதிரி இல்லை. சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தச் சொல் தேடுகிற மாதிரி இருந்தது.

"கையில பெரிய காசு வந்தா நீ அவசரப்பட்டு ஏதாவது செய்வாய். பிறகு கஷ்டப்படுறது நீதான். இப்ப என்ன, மரம் நிக்கத்தானே போகுது? நிக்க நிக்கச் சுற்று கூடும். விக்கத்தான் வேணுமெண்டா உனக்காக நான் கையெழுத்து வைக்க எனக்கு அற்றோனித் தத்துவம் எழுதித் தா. நானே நல்ல விலைக்கு வித்து எக்கவுண்டில போட்டுவிடுறன். கேற்றும் திறக்கும், எல்லாம் திறக்கும்."

"எங்க போகப் போறன் எண்டும் உங்களுக்குத் தெரியும்."

"கொட்டாஞ்சேனை. கோயிலுக்குப் பின்னால அனெக்ஸ். நானும் போய்ப் பாத்தனான். பின்னேரத்தில பைப்பில தண்ணி வராது. அதை உனக்கு அவங்கள் சொன்னவங்களோ?"

ரஜனி ஜன்னலுக்கு என்ன நிறத்தில் சீலை போடலாம் என்று யோசித்துக்கொண்டு நின்ற அந்தச் சின்ன அறையில் இவனும் நின்றிருக்கிறான்.

"டெரிக் சொன்னவனா?"

ஜனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டெரிக்கோ? அவனிட்ட எத்தினை தரம் கேட்டனான்! ஹயரை நிப்பாட்டுவன் எண்டும் சொல்லிப் பாத்தன். வாயே திறக்கேல்லை. போன கிழமை நிப்பாட்டியும் போட்டன்."

வானுக்கு ஹயர் இல்லை. அதை ஒரு சொல் சொல்லாமல்தான் அவன் இன்றைக்குத் தன் காசில் பெற்றோல் அடித்து அவளை ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறான். தெமட்டகொடையில் தான் அடித்துச் சாத்தின கதவுச் சத்தம் இப்போதுதான் அவளுக்குக் கேட்டது போல இருந்தது.

"அப்ப ஆர் சொன்னது?"

ஜனா கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனான். ரஜனியின் கண் தன்பாட்டில் மகளின் அறைக் கதவுக்குப் போனது. ஒரு சாண் திறந்திருந்த அந்தக் கதவு, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே மெதுவாக மூடிக்கொண்டது.

*

துஷ்யந்தி கட்டிலில் கெமிஸ்ட்ரிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். பதினேழு வயது. அழுதிருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

ரஜனி கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றாள்.

"நீயா துஷி?"

"ஓம்."

இல்லை என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தவளுக்கு அந்த "ஓம்" கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது.

"நீங்கள் பாத்ரூமுக்குள்ள நிண்டு மாமாவோட ஃபோனில கதைச்சது எனக்குக் கேட்டது."

"ஏன் பிள்ளை? நான் உனக்காகவுந்தானே…"

"என்னட்டக் கேட்டீங்களோ?" துஷ்யந்தி புத்தகத்தை மூடினாள். "'துஷியைக் கூட்டிக்கொண்டு போறன்' எண்டு மாமாட்டச் சொன்னீங்கள். சூட்கேஸைக் கொண்டு போற மாதிரி. ஏ.எல். எக்ஸாம் வருது. என்ட ஃப்ரண்ட்ஸ், கிளாஸ் எல்லாம் இங்கதான் இருக்கு. அப்பா ஒருத்தரையும் கேக்காம எல்லாத்தையும் முடிவெடுக்கிறார் எண்டு நீங்கள் அழுறனீங்கள். நீங்களும் அதைத்தானே செய்தீங்கள்?"

ரஜனி கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். இந்தப் பிள்ளையின் காய்ச்சல், பரீட்சை, சப்பாத்து அளவு எல்லாம் அவளுக்குத் தெரியும். விருப்பம் என்ன என்று கேட்க மட்டும் தோன்றவே இல்லை.

"அப்பா உங்களோட கதைப்பார் எண்டு நினைச்சனான்," என்றாள் துஷ்யந்தி. "ரெண்டு பேரும் கதைச்சுச் சரியாகீடும் எண்டு. கேற் போடுவார் எண்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது அம்மா."

"சரி."

"இன்னொண்டு." அவள் தலையணைக்குக் கீழே இருந்து தன் ஃபோனை எடுத்து மடியில் வைத்தாள். "சொன்ன நாளில இருந்து என்டதையும் பாக்கிறார். இரவில வந்து கை நீட்டுவார். 'ஒருக்காத் தா' எண்டு."

ரஜனி மகளின் கையைப் பிடித்தாள். துஷ்யந்தி கையை இழுக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

அப்போது ரஜனியின் கைப்பைக்குள் ஃபோன் அடித்தது.

சேவ் பண்ணாத நம்பர். தாஸிமாகத்தான் இருக்க வேண்டும். எடுத்தால் வெளியில் கேட்கும். எடுக்காவிட்டால் இரவில் அந்த மிஸ்கோலுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். ஃபோன் அவள் கையில் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஆர் ரஜனி?" ஹோலில் இருந்து ஜனாவின் குரல் வந்தது. பிறகு கதிரை நகர்கிற சத்தம் கேட்டது.

துஷ்யந்தி அம்மாவைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"கெமிஸ்ட்ரி மிஸ் அப்பா!" என்றாள் உரத்து. "நாளைக்குக் கிளாஸ் மாத்தினதாம். அம்மான்ட ஃபோனுக்கு எடுத்திருக்கிறா."

காலடிச் சத்தம் நின்றது. வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

துஷ்யந்தி மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினாள். அது கடகடவென்று சத்தம் போட்டது. திரும்பி வந்து அம்மாவுக்கு நெருக்கமாக உட்கார்ந்து, "ஸ்பீக்கர்ல போடுங்கோ," என்று காதுக்குள் சொன்னாள். "மெல்லமா. எனக்கும் கேக்கோணும்."

ரஜனி விரலால் அழுத்தினாள்.

"மிஸ், தாஸிம் பேசுறேன். வயல்கார நோனாவோட பேசினேன். பாதை தர அவங்களுக்கு விருப்பம். ஆனா மரத்துக்கார பொம்பளைய நேர்ல பாக்காம வயலுக்குள்ள ஒரு ஆளையும் விட மாட்டாங்களாம். நாளைக்கே வரச் சொல்றாங்க. வானமும் கறுத்துக்கிட்டு வருது, மழை விழுந்தா ட்ரக்டர் இறங்க ஏலா. என்ன சொல்றீங்க மிஸ்? ஓமா, இல்லையா?"

கதவுக்கு அந்தப் பக்கம் ஜனா லேசாகச் செருமினான்.

ரஜனி ஃபோனைக் கையால் பொத்தினாள். 'ஓம்' என்ற பதில் நாக்கு வரை வந்திருந்தது. அதை விழுங்கிக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ சொல்லு துஷி," என்றாள். "போவமா?"